‘நான் கையெழுத்து மட்டும்தானே போட்டேன்?’ - குடும்ப கம்பெனி டைரக்டர்களும் கோர்ட் அவமதிப்பும்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி 11 மணிக்கு என் காலேஜ் தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரிசையாக ஏழு போட்டோக்கள் வந்து விழுந்தன. ஏதோ கல்யாண ஆல்பம் என்று நினைத்துத் திறந்தால், இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு மனு. மேலே தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் பெயர். எதிர்மனுதாரர்கள் வரிசையில் மூன்றாவதாக அவள் அம்மாவின் பெயர். ‘நீதிமன்ற அவமதிப்பு’ என்ற இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். கீழே ஒரே ஒரு வரி: ‘அம்மாவை ஜெயில்ல போட்டுடுவாங்களாடி?’

உடனே போன் அடித்தேன். தோழி ‘ஹலோ’ சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டார். “நான் எந்த ஜட்ஜையும் ஒரு வார்த்தை பேசுனதில்லையே கண்ணு. அந்தக் கோர்ட்டு எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நான் எப்படி அவமதிச்சேன்னு எழுதியிருக்காங்க?”

நியாயமான கேள்விதானே? நீதிமன்ற அவமதிப்பு என்றால் நீதிபதியைத் திட்டுவது, தீர்ப்பை மேடையில் கிண்டலடிப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செய்திகளில் அதுதான் அடிக்கடி வருகிறது. ஆனால், கம்பெனி தகராறுகளில் வருகிற அவமதிப்பு வேறு ரகம். அதில் யாரும் யாரையும் திட்டியிருக்க வேண்டியதில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு போட்ட ஒரு கையெழுத்து போதும்.

அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கோவைப் பக்கம் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த பிரைவேட் லிமிடெட் கம்பெனி அது. நடுவில் உள்ளவர்தான் தோழியின் அப்பா. ஆறு வருடங்களுக்கு முன் மாரடைப்பில் தவறிவிட்டார். அவருடைய ஷேர்கள் அம்மா பெயருக்கு வந்தன. கூடவே டைரக்டர் பதவியும். “பேருக்குத்தாம்மா, எல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்றாராம் பெரியப்பா. சொன்னபடி பார்த்தும் கொண்டார். மாதா மாதம் பணம் வரும். எப்போதாவது ஒரு ஃபைல் வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலில் சின்னதாக டிக் இருக்கும்.

பிறகு பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முட்டிக்கொண்டது. ‘என்னை ஓரம்கட்டுகிறார்கள், கணக்குக் காட்டுவதில்லை’ என்று சித்தப்பா தீர்ப்பாயத்துக்குப் போனார். 2013-ம் வருட கம்பெனி சட்டத்தின் 241-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. கம்பெனி தன் நலனுக்கோ கம்பெனியின் நலனுக்கோ விரோதமாக நடத்தப்படுகிறது என்று ஒரு பங்குதாரர் நினைத்தால், குறைந்தபட்ச பங்கு இருக்கும் பட்சத்தில், அங்கே முறையிடலாம். தீர்ப்பாயம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: மறு உத்தரவு வரும் வரை யாருடைய ஷேர் அளவும் மாறக் கூடாது.

நாலு மாதம் கழித்து வந்த ஃபைலில், பெரியப்பாவின் மகனுக்குப் புது ஷேர்கள் ஒதுக்கும் தீர்மானம் இருந்தது. அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, டிக் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

புது ஷேர்கள் போனதும் என்ன ஆகும்? மொத்த எண்ணிக்கை கூடும், சித்தப்பாவின் சதவிகிதம் குறையும். எது மாறக் கூடாது என்று உத்தரவு சொன்னதோ, அதுவே மாறிவிட்டது. அவமதிப்பு அதுதான்.

1971-ம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இதை ‘சிவில் அவமதிப்பு’ என்கிறது. கோர்ட் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, அல்லது கோர்ட்டில் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவது. இவ்வளவுதான் அதன் வரையறை. தண்டனை, அதிகபட்சம் ஆறு மாதம் வெறுங்காவல் சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். (அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1971-ல் போட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது.) உத்தரவு போட்டது ஹைகோர்ட் இல்லையே, தீர்ப்பாயம்தானே என்றும் தப்பிக்க முடியாது. கம்பெனி சட்டத்தின் 425-வது பிரிவு, அவமதிப்பு விஷயத்தில் ஹைகோர்ட்டுக்கு என்ன அதிகாரமோ அதையே இந்தத் தீர்ப்பாயத்துக்கும் கொடுத்திருக்கிறது.

சரி, மீறியது கம்பெனிதானே? கம்பெனியை எப்படி ஜெயிலில் போடுவது?

சட்டம் எழுதியவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால்தான் 12-வது பிரிவிலேயே பதில் வைத்திருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த உறுதிமொழி மீறப்பட்டால், அந்தச் சமயத்தில் கம்பெனியின் பொறுப்பில் இருந்து அதை நடத்தியவர்கள் குற்றம் செய்தவர்களாகவே கருதப்படுவார்கள். ‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்றோ, ‘தடுக்க என்னால் ஆன முயற்சி எல்லாம் செய்தேன்’ என்றோ நிரூபித்தால் தப்பிக்கலாம். நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதற்கடுத்த உட்பிரிவு இன்னும் நேரடியானது. டைரக்டர், மேனேஜர், செகரட்டரி என்று யாருடைய சம்மதத்தோடு அல்லது உடந்தையோடு அது நடந்ததோ, அவரும் குற்றவாளி.

இதையெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம் என்று நினைத்தால், பெரிய இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம்.

அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம், எரிக்சன் நிறுவனத்துக்குப் பணம் பாக்கி வைத்திருந்தது. 550 கோடி ரூபாய் கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறோம் என்று 2018-ல் சமரசம் ஆனது. அதற்கு உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழியும் கொடுத்தார்கள். முதல் கெடு செப்டம்பர் 30. தவறியது. டிசம்பர் 15 வரை நீட்டித்துக் கொடுத்தார்கள். அதுவும் தவறியது. எரிக்சன் அவமதிப்பு வழக்குப் போட்டது.

இந்த வழக்கில் சினிமாவில் வருவதுபோல ஒரு கிளைக்கதை உண்டு. 2019 ஜனவரியில் அம்பானி நேரில் வர வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால், உச்ச நீதிமன்ற வெப்சைட்டில் ஏறிய உத்தரவில் நேரில் வரத் தேவையில்லை என்று இருந்தது. இங்கிலீஷில் ‘நாட்’ என்ற ஒரே ஒரு வார்த்தை காணாமல் போயிருந்தது! விசாரணைக்குப் பிறகு கோர்ட் ஊழியர்கள் இரண்டு பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அம்பானி பிப்ரவரியில் நேரில் வந்து நின்றார்.

2019 பிப்ரவரி 20 அன்று தீர்ப்பு. ரிலையன்ஸ் தரப்பு சொன்னது, ‘சொத்துகளை விற்று வருகிற பணத்தில் கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தோம், விற்பனை நடக்கவில்லை’ என்பது. நீதிபதிகள் ஏற்கவில்லை. கோர்ட்டில் கொடுத்த உறுதிமொழியில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லையே என்று கேட்டார்கள். நிபந்தனையில்லாத மன்னிப்பும் கேட்டுப் பார்த்தார்கள். அதையும் நிராகரித்து, அனில் அம்பானியும் குழும நிறுவனங்கள் இரண்டின் தலைவர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மீதி 453 கோடி ரூபாயை நாலு வாரத்துக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் மூன்று மாதம் ஜெயில்.

கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, மார்ச் 18-ம் தேதி பணம் கட்டப்பட்டது. யார் உதவினார்கள்? அண்ணன் முகேஷ் அம்பானி. அண்ணனுக்கும் அண்ணிக்கும் அனில் வெளிப்படையாக அறிக்கை விட்டு நன்றி சொன்னார். 2005-ல் சொத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் அவர்கள். மூன்று மாத ஜெயில் என்ற ஒரு வரி என்னவெல்லாம் செய்ய வைக்கிறது பாருங்கள்.

எல்லோருக்கும் அப்படி ஒரு அண்ணன் வாய்ப்பதில்லை. மல்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங் சகோதரர்களின் கதை தோழி வீட்டுக் கதைக்கு இன்னும் நெருக்கமானது. ஏனென்றால், அதுவும் ஷேர்களை அசைக்கக் கூடாது என்ற உத்தரவைப் பற்றியதுதான்.

ரான்பாக்ஸி என்ற மருந்து கம்பெனி ஞாபகம் இருக்கிறதா? 2008-ல் அதில் தங்கள் குடும்பத்துக்கு இருந்த ஷேர்களை ஜப்பானின் டாய்ச்சி சாங்க்யோ நிறுவனத்துக்கு விற்றார்கள் இந்தச் சகோதரர்கள். பிறகு ரான்பாக்ஸி மருந்துகள் மீது அமெரிக்காவில் நடந்த விசாரணைகள் பெரிதாக வெடித்தன. 2013-ல் அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்ட வேண்டிவந்தது. ‘விற்கும்போது முக்கியமான தகவல்களை எங்களிடம் மறைத்துவிட்டார்கள்’ என்று டாய்ச்சி சிங்கப்பூரில் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2016-ல் ஜெயித்தது. வட்டியோடு சேர்த்து சுமார் 3,500 கோடி ரூபாய் சகோதரர்கள் தரப்பு கொடுக்க வேண்டும்.

அந்தப் பணத்தை எதிலிருந்து வசூலிப்பது? சகோதரர்களிடம் மிச்சமிருந்த பெரிய சொத்து, ஃபோர்டிஸ் மருத்துவமனைக் குழுமத்தில் அவர்களுடைய ஹோல்டிங் கம்பெனி வைத்திருந்த ஷேர்கள். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஷேர்கள் இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் ஷேர்கள் அடமானத்துக்குப் போயின, கைமாறின, கடைசியில் கரைந்தே போயின.

இதற்கு நடுவில் சகோதரர்களுக்குள்ளும் சண்டை. 2018 செப்டம்பரில் தம்பி ஷிவிந்தர், அண்ணன் மீதே கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார். அம்மா தலையிட்டு சமரசம் பேசச் சொல்ல, அதே மாதம் வாபஸ் வாங்கினார். தம்பி தனியாக அண்ணன் தனியாக ஆனாலும், கோர்ட் உத்தரவு இரண்டு பேர் தலைமீதும் ஒன்றாகத்தான் இருந்தது. 2019 நவம்பர் 15-ல் இருவரும் அவமதிப்புக் குற்றவாளிகள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆளுக்கு சுமார் 1,170 கோடி ரூபாய் கட்டினால் தண்டனையைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்றது. கட்டவில்லை. 2022 செப்டம்பர் 22-ல் இருவருக்கும் ஆறு மாதச் சிறைத் தண்டனை. சட்டம் அனுமதிக்கிற முழு அளவு.

அதே வருடம் ஜூலையில் விஜய் மல்லையாவுக்கும் நாலு மாதச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது உச்ச நீதிமன்றம். 4 கோடி டாலரைத் தன் பிள்ளைகள் பெயருக்கு மாற்றியதும் அதை மறைத்ததும் காரணம். 2,000 ரூபாயைப் படித்துவிட்டு மீம் போட்டவர்கள், அந்த 4 கோடி டாலரை 8% வட்டியோடு திருப்பிக் கட்டச் சொன்ன அடுத்த பாராவைப் படிக்கவில்லை. உத்தரவை மீறி ஒருவர் அடைந்த லாபத்தை அவர் கையில் விட்டுவைக்கக் கூடாது என்பது 1996-ல் டெல்லி ஸ்கிப்பர் கட்டுமான நிறுவன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். ‘கம்பெனி வேறு, நான் வேறு’ என்ற திரையை விலக்கி, உரிமையாளர் குடும்பத்தின் சொத்துகள் வரை கை வைத்த வழக்கு அது.

மறுபடி தோழி வீட்டுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி சட்ட வழக்கறிஞரிடம் ஏழு போட்டோக்களையும் காட்டினேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, “உத்தரவு இருக்குன்னு அந்த அம்மாவுக்குத் தெரியுமா?”

‘தெரியாது’ என்று உடனே சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே மீறியிருந்தால்தானே குற்றம்? தெரியாமல் எப்படி வேண்டுமென்றே மீற முடியும்? கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

“கோர்ட்ல இருந்து காப்பி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கணும்னு இல்லை. எந்த வழியிலயாவது தெரிஞ்சிருந்தா போதும். நல்லா விசாரிங்க” என்றார்.

விசாரித்தோம். கம்பெனிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. உத்தரவு வந்த அன்று சாயங்காலமே சித்தப்பா அதன் பி.டி.எஃப்-ஐ குரூப்பில் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே அம்மாவின் நம்பரிலிருந்து ஒரு கும்பிடு எமோஜி. “குரூப்ல யார் எதைப் போட்டாலும் கும்பிடு போட்டுடுவேன் கண்ணு. இல்லைன்னா மரியாதையா இருக்காதுல்ல?” என்றார் அம்மா. மனுவின் ஆறாவது பக்கத்தில் அந்த ஸ்க்ரீன்ஷாட் இணைக்கப்பட்டிருந்தது. நாங்கள்தான் முதல்நாள் ராத்திரி கவனிக்கவில்லை.

பெரியப்பா தரப்பின் வாதம் வேறு. ‘அந்த உத்தரவே தப்பு. நாங்க அப்பீல் போட்டிருக்கோம்.’ இது பலர் விழுகிற குழி என்கிறார் வழக்கறிஞர். அப்பீல் போட்டால் மட்டும் உத்தரவு நின்றுவிடாது. மேல் தீர்ப்பாயம் தடை போட்டால்தான் நிற்கும். அதுவரை உத்தரவு தப்பாகவே இருந்தாலும் கீழ்ப்படிந்துதான் ஆக வேண்டும். சரி, டைரக்டர் பதவியை ராஜினாமா செய்துவிடலாமா? இனி வருவதற்கு அது பயன்படும். மீறல் நடந்த அன்று அவர் டைரக்டராக இருந்தாரே, அதை ராஜினாமா அழிக்காது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. மறுவாரம் பெரியப்பாவின் ஆபீஸிலிருந்து ஒரு ஃபைல் வந்தது. அவமதிப்பு மனுவுக்கு எல்லா டைரக்டர்களும் சேர்ந்து போடும் பதில் பிரமாணப் பத்திரம். பென்சில் டிக் தயாராக இருந்தது. தோழி அதையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதில் ஒரு வரி: ‘இயக்குநர்கள் அனைவரும் எல்லா விவரங்களையும் முழுமையாக அறிந்து, கம்பெனியின் நலன் கருதி ஒருமனதாக எடுத்த முடிவு.’

வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இந்த அம்மாவுக்குத் தனி வக்கீல் வேணும். இன்னைக்கே” என்றார்.

தெரியாமல் போட்ட கையெழுத்து என்று சொல்ல அம்மாவுக்குக் கொஞ்சமாவது இடம் இருக்கிறது. இந்தப் பத்திரத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் அந்த இடமும் போய்விடும். முழுமையாக அறிந்து செய்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரியப்பா கெட்ட எண்ணத்தில் அனுப்பினார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய வக்கீல் அவரைக் காப்பாற்ற எழுதியது அது. பெரியப்பாவைக் காப்பாற்றுகிற வாசகமும் அம்மாவைக் காப்பாற்றுகிற வாசகமும் ஒன்றாக இருக்க முடியாது. குடும்பம் ஒன்று என்பதால் வக்கீலும் ஒன்று என்று இத்தனை நாள் யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அம்மா அழுதார். ஜெயில் பயம் காரணம் இல்லை. “அவங்கப்பா போனப்ப வாசல்ல வந்து நின்ன மனுசன். அவருக்கு எதிரா நான் எப்படித் தனி வக்கீல் வைப்பேன்?” சட்டம் படித்த யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் தோழிதான் சொன்னாள்: “எதிரா இல்லம்மா. நடந்ததை நடந்தபடி சொல்றதுக்கு ஒரு ஆளு.”

தனி வக்கீல் வைத்தார்கள். அம்மாவின் பத்திரம் ரெண்டே பக்கம்தான். பி.டி.எஃப் வந்தது, திறந்து படிக்கவில்லை, ஃபைலில் கையெழுத்துப் போட்டது நான்தான், அந்த ஷேர் ஒதுக்கீட்டை ரத்து செய்யும் தீர்மானத்துக்கு என் ஓட்டு உண்டு, தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிப்பு கோர்ட்டுக்குத் திருப்தியாக இருந்தால் தண்டனை இல்லாமல் விடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அது மனதார இருக்க வேண்டும், மீறியதைச் சரிசெய்யவும் முன்வர வேண்டும். சரிசெய்யாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மேலே ரிலையன்ஸ் வழக்கு இருக்கிறதே.

இந்த மாதத் தொடக்கத்தில் அம்மா முதல்முறையாகத் தீர்ப்பாயத்துக்கு நேரில் போனார். சென்னைக்கு ராத்திரி ரயிலில், டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தோடு. வழக்கு கூப்பிட்டது மதியத்துக்கு மேல். பத்து நிமிடம்கூட இருக்காது. அம்மாவின் பத்திரத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒதுக்கீட்டை ரத்து செய்வது பற்றி மற்ற டைரக்டர்கள் பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம் கொடுத்து வழக்கைத் தள்ளிவைத்தார்கள். வராந்தாவில் சித்தப்பா “சாப்டீங்களா அண்ணி?” என்று கேட்டாராம். பெரியப்பா பார்க்காததுபோல் போய்விட்டாராம்.

நேற்று தோழியிடம் பேசினேன். கம்பெனியிலிருந்து மறுபடி ஒரு ஃபைல் வந்திருக்கிறது, இந்த வருடத்துக் கணக்கு. அம்மா அதைத் திறக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். சனிக்கிழமை இவள் ஊருக்குப் போனதும் ரெண்டு பேரும் உட்கார்ந்து படிக்கப் போகிறார்களாம். “பென்சில் டிக்கை எல்லாம் அம்மா ரப்பர் வெச்சு அழிச்சுட்டாங்கடி” என்றாள்.